நகையின் பின்பக்கம்: இத்தாலியில் ஆறு நாள்

முதல் நாள் – ரோம், வில்லா ஜூலியா

காலையில் விமானம் இறங்கி, பையை அறையில் போட்டுவிட்டு, கண் எரிய எரிய நேராக வில்லா ஜூலியாவுக்குப் போய்விட்டேன். மூன்றாம் ஜூலியஸ் என்ற போப் 1550களில் கட்டிக்கொண்ட தோட்ட மாளிகை அது, இப்போது எட்ரஸ்கர் அருங்காட்சியகம். ரோமில் முதல் நாளே கொலோசியத்தை விட்டுவிட்டு இங்கே வருகிறவர்கள் குறைவு போலிருக்கிறது, முதல் மூன்று அறைகளில் நானும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமும்தான்.

எட்ரஸ்கர்கள் யார் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: ரோம் பெரிய ஆளாவதற்கு முன்னால் இன்றைய தஸ்கனியிலும் அதற்குத் தெற்கிலும் வாழ்ந்தவர்கள். அவர்கள் எழுத்தை வாசிக்க முடிகிறது, மொழிதான் முழுசாகப் பிடிபடவில்லை. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் தங்கத்தில் அவர்கள் செய்த வேலையை அதற்குப் பிறகு யாரும் சுலபமாகச் செய்துவிடவில்லை. நான் வந்தது அதைப் பார்க்கத்தான்.

காரணம் அப்பா. கோவையில் நாற்பது வருடத்துக்கும் மேலாக நகைப் பட்டறை வைத்திருக்கும் பத்தர். நான் படித்துவிட்டுக் கணினிப் பக்கம் போய்விட்டேன், ஆனால் ஊதுகுழல் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு நகைக்கடைக் கண்ணாடியைப் பார்க்காமல் தாண்டிப் போக வராது. ஒரு கம்மலைக் கையில் கொடுத்தால் அப்பா முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். முன்பக்கம் எல்லோரும் ஒழுங்காகத்தான் செய்வார்கள், பின்னால் பார்த்தால்தான் எங்கே பொடி வைத்திருக்கிறான், எவ்வளவு வைத்திருக்கிறான், பொடி எங்கெல்லாம் ஓடியிருக்கிறது என்று தெரியும் என்பார். (பொடி என்றால் பற்றவைக்கிற பொடி. 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்பது எங்கள் பட்டறையிலிருந்து போன பேச்சு என்று அப்பா அடித்துச் சொல்வார்.)

சரி, நகைக்கு வருகிறேன். பிரெனெஸ்தே, அதாவது இன்றைய பாலஸ்திரினாவில் 1876இல் கிடைத்த பெர்னார்தினி கல்லறைத் தங்கம் இங்கே இருக்கிறது. அதில் ஒரு தகடு. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது, அதன் மேல் நூற்றுக்கும் மேற்பட்ட குட்டி மிருகங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. சிங்கம், குதிரை, பெண்தலைப் பறவை. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தகட்டில் தட்டி, இரண்டு பாதியை ஒட்டி, நிற்க வைத்தது. அந்த மிருகங்களின் உடம்பில் தங்க ரவை பதித்திருக்கிறார்கள். ரவை என்றால் உப்புமா ரவையைக் கற்பனை செய்யாதீர்கள், அதைவிடப் பல மடங்கு சின்னது. எட்ரஸ்கர் வேலையில் மிக நுணுக்கமானதில் ஒரு ரவை 0.2 மி.மீ.க்கும் குறைவு. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் தங்கத்தின் மேல் மகரந்தம் படிந்த மாதிரி ஒரு மங்கல், அவ்வளவுதான். கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கினால்தான் அது பொட்டுப் பொட்டாகப் பிரிகிறது.

மாடியில் கஸ்தெல்லானி அறை. இதைப் பார்க்காமல் யாரும் திரும்பிவிட வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் ரோமில் கடை வைத்திருந்த பொற்கொல்லர் குடும்பம் இது. அப்பா ஃபோர்த்துனாத்தோ பியோ, பிள்ளைகள் அலெஸ்ஸாந்த்ரோவும் அகுஸ்தோவும். தரைக்கடியிலிருந்து எட்ரஸ்கர் நகைகள் வரிசையாக வெளிவந்த காலம், அதைப் பார்த்து அதே மாதிரி செய்து விற்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. வடிவம் வந்துவிட்டது, ரவைதான் வரவில்லை. மார்க்கே பகுதியில் சாந்த் ஆஞ்சலோ இன் வாதோ என்கிற மலையூரில் குடியானவப் பெண்களுக்கு நகை செய்கிற கொல்லர்கள் பழைய கைவேலையை விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்து, அங்கிருந்து ஆட்களை ரோமுக்கே கூட்டிவந்து பட்டறையில் உட்கார வைத்தார்கள். பெரிய ரவை ஓரளவுக்குக் கைவந்தது. அந்தத் தூசி ரவை கடைசிவரை வரவில்லை என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள். 1919இல் குடும்பத்தின் கடைசி வாரிசு எல்லாவற்றையும் அரசுக்கே கொடுத்துவிட்டார். அசலும் அவர்கள் செய்த மாதிரியும் ஒரே அறையில் இருப்பதால் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். மாதிரி கொஞ்சம் அதிகச் சுத்தமாக இருக்கிறது, தங்கப்பல் கட்டிய சிரிப்பு போல.

இராத்திரி அறைக்கு வந்து பதினெட்டுப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஊரில் விடிகாலை. பத்து நிமிடத்தில் குரல்செய்தி வந்தது: "கண்ணு, முன்பக்கமாவே எடுத்திருக்கியே. ஒண்ணாச்சும் பின்னாடி காட்டு."

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற நகையை எப்படித் திருப்புவேன்?

இரண்டாம் நாள் – வத்திக்கான்

சிஸ்டைன் சேப்பலுக்குப் போகிற கூட்டம் ஆறு மாதிரி ஒரே பக்கமாக ஓடுகிறது. அதிலிருந்து பிய்த்துக்கொண்டு மாடிப்படி ஏறினால் கிரெகோரியன் எட்ரஸ்கர் அருங்காட்சியகம், 1837இல் தொடங்கியது. மேலே போனதும் காது அடைத்துக்கொண்ட மாதிரி அமைதி.

1836இல் செர்வேதெரி என்ற ஊரில் ரெகோலினி என்ற பாதிரியாரும் கலாஸ்ஸி என்ற படைத்தளபதியும் சேர்ந்து தோண்டியபோது கொள்ளை போகாத ஒரு கல்லறை அகப்பட்டது. உள்ளே ஒரு பெண். கி.மு. 7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அவளோடு வைத்த வெள்ளிப் பாத்திரங்களில் லார்தியா என்ற பெயர் பொறித்திருக்கிறது. அவள் மேல் இருந்த நகைகள்தான் இங்கே.

முதலில் ஊக்கு. ஃபிபுலா என்பார்கள், துணியைத் தோளில் சேர்த்துக் குத்துகிற பின் ஊசி, இன்றைய சேஃப்டி பின்னுக்குக் கொள்ளுப்பாட்டி. ஆனால் இந்த ஊக்கு ஏறத்தாழ ஓரடி நீளம்! மேலே வட்டத் தகடு, அதில் ஐந்து சிங்கங்கள் தட்டி எழுப்பியிருக்கின்றன, கீழே இலை வடிவத் தகடு, அதன் மேல் வரிசை வரிசையாகக் குட்டி வாத்துகள், முழு உருவமாக. இதை மாட்டிக்கொண்டு யாரும் வீடு கூட்டியிருக்க முடியாது. சாவுக்கென்றே செய்ததாக இருக்கலாம், அல்லது திருவிழாவில் ஒருநாள் போட்டதாக இருக்கலாம், எனக்கு முதலாவதுதான் சரி என்று படுகிறது. அகலமான இரண்டு கைவளைகள், அதில் கை கோத்து நிற்கிற பெண்கள், அந்தப் பெண்களின் உடைமடிப்பு எல்லாம் ரவையால் போட்ட கோடு.

ஒரு சந்தேகம் இங்கே வரும். எட்ரஸ்கர் கல்லறையில் இவ்வளவு தங்கம் கிடைக்கிறதே, பக்கத்திலேயே இருந்த ரோமர்களின் பழைய கல்லறைகளில் ஏன் இல்லை? சட்டம். கி.மு. 450 வாக்கில் எழுதிய பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் பிணத்தோடு தங்கம் வைக்கக் கூடாது என்று இருக்கிறது, ஆனால் தங்கக் கம்பியால் பல் கட்டியவருக்கு மட்டும் விதிவிலக்கு, அதைப் பிடுங்க வேண்டாம். அந்தப் பல் கட்டுகிற வேலையும் எட்ரஸ்கர்களுக்குக் கைவந்ததுதான். அப்புறம் கி.மு. 215இல், ஹானிபால் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, எந்தப் பெண்ணும் அரை அவுன்ஸுக்கு மேல் தங்கம் வைத்திருக்கக் கூடாது என்று ஒப்பியஸ் சட்டம் போட்டார்கள். போர் முடிந்த பின்னும் அதை எடுக்காமல் இழுத்தடிக்க, கி.மு. 195இல் ரோம் நகரப் பெண்கள் தெருவுக்கு வந்து வழிமறித்து நின்று அதை நீக்க வைத்தார்கள். கேட்டோ என்ற பெரிய மனிதர் சட்டத்தை எடுக்கக் கூடாது என்று நீளமாகப் பேசிப் பார்த்தார், பலிக்கவில்லை. அரைப் பவுன் கூட இல்லாத வீட்டில் பிறந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இன்றைக்கு அப்பாவிடம் ரவை பற்றிய பேச்சு முற்றிவிட்டது. அவர் கேள்வி இதுதான்: "ரவைக்கும் தகட்டுக்கும் நடுவுல பொடியே தெரியலியே. பொடி வெச்சு ஊதியிருந்தா அது ஓடி இடுக்கெல்லாம் நிரம்பி ரவை பாதி முழுகிப் போயிருக்கும். இது ஒரு புள்ளியிலதான் ஒட்டியிருக்கு."

கஸ்தெல்லானி குடும்பத்தைத் தடுமாற வைத்ததும் இதே இடம்தான். விடை 1933இல் லிட்டில்டேல் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை எடுத்த முறையில் இருக்கிறது. தனியாகப் பொடி என்று ஒன்று கிடையாது. செம்பின் உப்பு ஒன்றைப் பசையோடு குழைத்து, அந்தப் பசையால் ரவையைத் தகட்டில் ஒட்டி, கரி நெருப்பில் சூடேற்ற வேண்டும். பசை கருகிக் கரியாகும், அந்தக் கரி செம்பு உப்பிலிருந்து வெறும் செம்பைப் பிரித்துவிடும். தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும், செம்புக்கு 1085. ஆனால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் கலவை 900 டிகிரி சுற்றிலேயே இளகிவிடும். அதனால் ரவை தொடுகிற அந்த ஒரு புள்ளி மட்டும் பிடித்துக்கொள்ளும், மற்றதெல்லாம் அப்படியே நிற்கும்.

பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் 1ஆம் நூற்றாண்டில் பொற்கொல்லர்கள் ஒட்டவைக்கப் பயன்படுத்தியதன் செய்முறையையே எழுதி வைத்திருக்கிறார்: சைப்ரஸ் செம்பின் களிம்பு, அதோடு வயதுக்கு வராத பையனின் மூத்திரம், கொஞ்சம் கார உப்பு, இதைச் செம்பு உரலில் செம்பு உலக்கையால் அரைக்க வேண்டும். இதைச் சொன்னதும் அப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "களிம்பா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம பெரியவங்க ரவை வைக்கிறதுக்குக் குன்றிமணியத்தான் அரைச்சுப் பசையா போடுவாங்க. அது எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் யோசிச்சதில்ல. சும்மா ஒட்டறதுக்குன்னு நெனச்சேன்" என்றார். அப்புறம் ஃபோனை வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் – செர்வேதெரி

ரயிலில் போய் இறங்கி, அங்கிருந்து ஊருக்குப் பஸ். பஸ் நேர அட்டவணையை நம்பி நின்றேன், வரவில்லை, அடுத்ததும் வரவில்லை, கடைசியில் சாலையோரமாக நடந்து வெயிலில் வெந்து போய்ச் சேர்ந்தேன். கையிலிருந்த ஆரஞ்சு இரண்டும் வழியிலேயே தீர்ந்தது.

பந்தித்தாச்சா இடுகாடு ஒரு ஊர் மாதிரியே இருக்கிறது. தெரு இருக்கிறது, தெருவில் வண்டித்தடம் இருக்கிறது, இரண்டு பக்கமும் புல் முளைத்த வட்ட மேடுகள், குனிந்து உள்ளே போனால் பாறையில் குடைந்த அறைகள். 2004இல் தார்க்குவினியாவோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சில அறைகளில் ஆண்களுக்குக் கால் வைத்த கட்டில் மாதிரியும், பெண்களுக்குக் கூரை வைத்த வீடு மாதிரியும் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே ஈரமண் வாசனை, ஒரு பல்லி, வேறு எதுவும் இல்லை. நகை எல்லாம் ரோமுக்கும் லண்டனுக்கும் பாரிஸுக்கும் போய்விட்டது. ரெகோலினி–கலாஸ்ஸி கல்லறை இந்தப் பக்கம் கூட இல்லை, ஊருக்கு மறுபுறம், அதுவும் பூட்டியிருந்தது. வெறும் பூட்டைப் பார்க்க இவ்வளவு தூரமா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன், ஆனாலும் ஓரடி ஊக்கு எந்த இருட்டிலிருந்து வந்தது என்று ஒரு தடவை நின்று பார்க்காமல் போக மனசில்லை.

திரும்பும்போது பஸ் வந்துவிட்டது.

அப்பாவிடமிருந்து ஒரு படம். கரியில் ஒரு தங்கப் பொட்டு, உருண்டையாக. கீழே செய்தி: 'பழைய செம்புக் குடத்துக் களிம்பைச் சுரண்டி குன்றிமணியில குழைச்சேன். கேஸ் ஊதுனதுல தகடு, ரவை எல்லாம் ஒண்ணாப் போச்சு.' ஒரு பயண டைரி எழுத வந்து, கோவையில் தங்கத்தை வீணாக்குவதற்குக் காரணமாகிவிட்டேன்.

நான்காம் நாள் – ரோம், ஏஉர்

முசோலினி கட்டத் தொடங்கிய வெள்ளைக் கட்டடப் பகுதி. அங்குள்ள நாகரிகங்களின் அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு ஊக்கைப் பார்க்கத்தான் போனேன். விரல் நீளம், தங்கம், அதன் மேல் வலமிருந்து இடமாகக் கீறிய எழுத்து. 'மானியோஸ் என்னை நுமாசியோஸுக்காகச் செய்தான்.' நமக்குக் கிடைத்த மிகப் பழைய லத்தீன் வாசகங்களில் ஒன்று இது, கி.மு. 7ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். 1887இல் வெளியே வந்தபோதிலிருந்தே போலி என்று சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள், கடைசியில் 2011இல் மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, தங்கத்தின் மேற்பரப்பு மெல்ல மெல்லப் படிகமாகியிருப்பது நூற்றாண்டுக்கணக்கில் மட்டுமே நடக்கும் என்று முடிவு செய்து அசல்தான் என்றார்கள்.

அதாவது ஒரு நகை பேசுகிறது, 'என்னை' என்கிறது. மானியோஸ் கொல்லனா, செய்யச் சொல்லிக் கொடுத்தவனா என்று படித்தவர்கள் வாதம் செய்கிறார்கள். நான் கொல்லன் கட்சி. கொடுத்தவன் பெயரும் செய்தவன் பெயரும் ஒரே வினையில் மாறிப் போவது எங்கள் தொழிலில் புதிதா என்ன. நகைக்கடைக்காரர் பெயர் பெட்டியில் இருக்கும், செய்த பத்தர் பெயர் எங்கே இருக்கும்?

பழைய நகையில் போலியைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி உண்டு, அது கம்பி. இன்றைக்குத் துளை போட்ட இரும்புத் தகட்டில் கம்பியை இழுத்து இழுத்து மெலிய வைக்கிறோம், நீள வாக்கில் கீறல் விழும். அந்தக் காலத்தில் மெல்லிய தகட்டுப் பட்டையை வெட்டி முறுக்கி உருட்டினார்கள், காகிதச் சுருட்டு மாதிரி, அதனால் கம்பியைச் சுற்றி ஒரு சாய்வுக்கோடு ஓடும். அப்படி ஒரு கோடு இல்லாமல் நீட்டுக் கீறல் இருந்தால் பழசில்லை என்று சந்தேகப்படலாம். அப்பாவுக்கு இதைச் சொன்னேன். "எங்க தாத்தா கம்பியத் தேய்க்கிறதப் பார்த்திருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். களிம்பு விஷயத்தை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் – நேப்பிள்ஸ், பொம்பெய்

காலையில் ரயிலில் நேப்பிள்ஸ், தேசிய தொல்லியல் அருங்காட்சியகம். இங்கே வந்ததும் பாணியே மாறிவிடுகிறது. எட்ரஸ்கர் தங்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு வித்தை காட்டினார்கள். அலெக்சாந்தர் பாரசீகக் கருவூலத்தைக் கைப்பற்றிய பிறகு கிரேக்க உலகத்தில் தங்கமும் கல்லும் பெருகின. ரோமருக்கு வந்தபோது கல்தான் முக்கியம், தங்கம் அதைப் பிடித்து வைக்கிற கிண்ணம் என்று ஆகிவிட்டது. எகிப்தின் கிழக்குப் பாலைவனத்திலிருந்து மரகதம், இந்தியப் பெருங்கடலிலிருந்து முத்து. முத்தை இரண்டு மூன்றாகத் தொங்கவிட்டு, தலையை ஆட்டினால் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் வருகிற காதணியைப் பெண்கள் விரும்பினார்கள் என்றும் அதற்குத் தாளக்கட்டை என்று பொருள்படும் பெயர் வைத்திருந்தார்கள் என்றும் பிளினி குறைப்பட்டுக்கொள்கிறார். அவருக்கு எதுவும் பிடிக்காது. லொல்லியா பவுலினா என்ற சீமாட்டி ஒரு சாதாரண விருந்துக்கு 4 கோடி செஸ்தெர்ஸ் (அன்றைய ரோமானியக் காசு) மதிப்புள்ள முத்தும் மரகதமும் போட்டு வந்தாள், யாராவது கேட்டால் காட்ட ரசீதைக் கையிலேயே வைத்திருந்தாள் என்று எழுதுகிறவரும் அவர்தான். இந்தியாவுக்கு ஆண்டுக்கு 5 கோடி செஸ்தெர்ஸ் போகிறது என்று புலம்பியவரும் அவரே.

அந்தப் பணத்தில் ஒரு பங்கு நம் பக்கம் வந்தது. புதுக்கோட்டையில் 1898இல் ஒரே இடத்தில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன, பெரும்பாலானவற்றில் மன்னனின் முகத்தின் மேல் உளியால் வெட்டிய கோடு. முத்து போன வழியையும் கிரேக்க மாலுமி ஒருவர் குறித்து வைத்திருக்கிறார். பாண்டியனுக்கு உட்பட்ட கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளை வைத்து முத்துக் குளிக்கிறார்கள் என்கிறார் அவர். அந்த வரியைப் படித்த பிறகு தாளக்கட்டைக் காதணியின் சத்தம் வேறு மாதிரிக் கேட்கிறது.

1974இல் பொம்பெயில் ஒரு வீட்டில் கிடைத்த பாம்புத் தங்கவளை, எடை 610 கிராம், அந்த வீட்டுக்கே தங்கவளை வீடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். எழுபத்தாறு பவுனுக்குப் பக்கம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், நம்மூர்க் கல்யாண வீட்டிலும் வாயைப் பிளப்பார்கள். இன்னொரு பாம்பு வளை பொம்பெய்க்கு வெளியே மொரெஜினே என்ற இடத்தில் 2000இல் கிடைத்தது. அதன் உட்புறத்தில் எழுதியிருக்கிறது: 'எஜமான் தன் அடிமைப் பெண்ணுக்கு.' இதைக் காதல் கதையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அவள் அதை வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியுமா?

மதியத்துக்கு மேல் உள்ளூர் ரயிலில் பொம்பெய். வெத்தி சகோதரர்கள் வீடு பல வருடம் மூடியிருந்து 2023இல் திறந்தார்கள். இவர்கள் அடிமையாக இருந்து விடுதலையாகிப் பணக்காரர்களானவர்கள் என்று சொல்லப்படுகிறது. உள்ளே ஒரு சுவரில் நீள வரிசையாகச் சிறகு வைத்த குழந்தைகள் வேலை செய்கிறார்கள்: திராட்சை பிழிகிறார்கள், துணி வெளுக்கிறார்கள், அப்புறம் நகை செய்கிறார்கள். ஒரு பொடியன் உலைக்கு முன்னால் குழலில் ஊதுகிறான், ஒருவன் பட்டடையில் குட்டிச் சுத்தியலால் தட்டுகிறான், நடுவில் தராசு, எதிரில் வாடிக்கையாளர். சின்ன வயதில் பட்டறைக்கு வெளியே உட்கார்ந்து நான் பார்த்த அதே காட்சி, சிறகு மட்டும் கூடுதல். இடித்துத் தள்ளுகிற கூட்டத்தில் ஒரே படம்தான் தெளிவாக எடுக்க முடிந்தது.

அதற்கு அப்பாவின் பதில்: "ஊதறவன் கன்னத்தைப் பாரு. சரியாப் போட்டிருக்கான். காத்தைக் கன்னத்துல தேக்கி வெச்சுட்டு மூக்குல மூச்சு விடணும், அப்பத்தான் தீ அறுந்து போகாம நிக்கும். வரைஞ்சவன் பட்டறையில வந்து உக்காந்து பார்த்திருக்கான்."

பதினைந்து நிமிடம் கழித்து இன்னொரு செய்தி. "கேஸ்ல வராது. நாளைக்குக் கரி வாங்கணும்."

ஆறாம் நாள் – தாரந்தோ

அரை நாள் ரயில். மலை, சுரங்கம், மலை, பிறகு திடீரென்று கடல். ஸ்பார்ட்டாவிலிருந்து வந்தவர்கள் கி.மு. 706இல் நிறுவியதாகச் சொல்லும் கிரேக்க ஊர், இன்றைக்கு எஃகு ஆலைப் புகையும் மீன் வாசனையும். 'தாரந்தோவின் தங்கம்' என்று இத்தாலியில் சொன்னால் எல்லோருக்கும் தெரியும்.

படகு வடிவத் தொங்கட்டான்களைப் பார்த்தபோது கொஞ்சம் அசந்துபோய்விட்டேன். கி.மு. 4ஆம் நூற்றாண்டு. படகு மாதிரி வளைந்த தகடு, அதன் முகம் முழுக்க நெளிந்த கம்பி, ரவை, பூவிதழ், கீழே சங்கிலியில் தொங்குகிற குட்டி உருவங்கள். எட்ரஸ்கர் ரவையை நம்பினால், கிரேக்கர் கம்பியை நம்பினார்கள் என்று சொல்லலாம். கனோசாவில் 1928இல் திறந்த தங்கக் கல்லறையிலிருந்து வந்த தலைச்சுட்டி இன்னொரு திசை: தங்கப் பட்டை முழுக்கப் பூக்கள், பூக்களில் எனாமலும் கல்லும், ஒரு தோட்டத்தையே சுருட்டித் தலையில் கட்டிக்கொண்ட மாதிரி. வண்ணம் வந்துவிட்டது. ரோமருக்கு இங்கிருந்து ஒரு படிதான்.

எனக்கு அதிகம் பிடித்தது பாக்குவெட்டி மாதிரி ஒன்று, வாதுமைக் கொட்டை உடைக்கிற கருவி. வெண்கலத்தில் இரண்டு பெண் கைகள், முழங்கை வரைக்கும், விரல்கள் கோத்து நசுக்குகிற மாதிரி, அந்தக் கைகளுக்குத் தங்கத்தில் வளையல் போட்டுவிட்டிருக்கிறார்கள். கொட்டை உடைக்கிற சாமானுக்கு நகை மாட்ட நினைத்தவன் யாரோ, அவனோடு உட்கார்ந்து டீ குடிக்கலாம்.

இன்னொரு பெட்டியில் சுட்ட மண்ணில் செய்து மேலே தங்க முலாம் பூசிய நகைகள், கல்லறையில் வைப்பதற்காகவே செய்தவை. அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். 'அப்பவே கவரிங்கா' என்று ஒரே வரி.

சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது குரல்செய்தி வந்தது. அப்பாவின் குரலில் அவசரம், பின்னால் அம்மா என்னவோ சத்தம் போடுகிறார், வீடெல்லாம் கரிப்புகை போலிருக்கிறது. "கண்ணு, நேத்து ராத்திரி மறுபடியும் கெட்டுச்சு. பசை கொதிச்சு ரவை எல்லாம் உருண்டு ஓடிப்போச்சு. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, பசையை மொதல்ல நல்லாக் காய விடணும். காலையில வெயில்ல வெச்சேன். கரியை மூடினாப்ல போட்டு, ஊதுகுழல்ல ஊதி, தங்கம் ஒரு தடவை மினுக்குன உடனே எடுத்துட்டேன். ஒரு நொடி விட்டிருந்தாலும் போயிருக்கும். ஒம்பது ரவை வெச்சேன். ஏழு நின்னுச்சு."

"பொடி?" என்று எழுதினேன்.

"பொடியே வெக்கல. களிம்பும் குன்றிமணியும்தான்."

பின்னாலேயே இரண்டு படங்கள். முதலாவது பெருவிரல் நகம் அளவு தகட்டில் ஏழு மணிகள், கோணல்மாணலாக, இரண்டு இடம் காலி. தாரந்தோ பெட்டியில் இருப்பதோடு ஒப்பிட்டால் சின்னப் பிள்ளை வைத்த புள்ளிக்கோலம். இரண்டாவது படத்தில் தகட்டைத் திருப்பிப் பிடித்திருக்கிறார். கரி பட்ட கட்டைவிரல், அதன் மேல் தகட்டின் பின்பக்கம். ஒன்றும் ஓடவில்லை, ஒரு கறை கூட இல்லை.